மூன்று டப்பா மகாத்மியம்

கம்பத்தில் எங்கள் வீட்டு நடுச்சுவரைப் போல மானமுள்ள சுவர் இன்னொன்று இருக்காது. தாத்தா காலத்துச் சுவர். கருங்கல்லும் சுண்ணாம்பும், ஒன்றரை அடி கனம். வெயிலை உள்ளே விடாது. ஆடி மாதம் கணவாய் வழியாக இறங்கி வருகிற காற்றை விடாது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்கே அசையாத சுவர், வைஃபை என்று ஏதோ ஒன்று கதவைத் தட்டாமல் நுழையப் பார்த்தால் சும்மா விடுமா? விடவில்லை. ஃபைபர் கனெக்‌ஷன் வந்த அன்று முன்கட்டில் 100 மெகாபிட் வேகத்தில் கொட்டிய இணையம், பின்கட்டுக்குப் போய்ச் சேரும்போது ஒரு வாட்ஸ்அப் படத்தை வட்டம் சுற்றிக் காட்டுகிற அளவுக்கு மெலிந்திருந்தது.

போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்துக்கு மேலே, நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இடம் பார்த்த விஞ்ஞானிகளை நினைத்தால் எனக்கு இரக்கமாக இருக்கிறது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் பாறை இருக்க வேண்டும். அப்போதுதான் வானத்திலிருந்து கொட்டுகிற மற்றக் கதிர்களெல்லாம் பாறையிலேயே நின்றுபோய், எதற்கும் நிற்காத நியூட்ரினோ மட்டும் உள்ளே வரும். அதைக் கண்டுகொள்ள 50,000 டன் இரும்பு என்று கணக்குப் போட்டார்கள். ஊர் எதிர்த்தது, வழக்கு நடந்தது, மலை இன்னும் மலையாகவே நிற்கிறது. அவர்கள் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். கம்பத்துக்கு பஸ் ஏறி எங்கள் வீட்டு நடுக்கட்டுக்கு வந்திருந்தால் ஒன்றரை அடியில் காரியம் முடிந்திருக்கும்.

சுவருக்கு அடுத்தபடியாகப் புகழப்பட வேண்டியவன் நான்.

ஃபைபர் இழுத்த தம்பி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, “எங்கண்ணே வைக்க?” என்று கேட்டான். “கண்ணுல படாம வைப்பா” என்றேன். கண்ணில் படாத இடம் என்றால் எங்கள் வீட்டில் ஒன்றுதான் உண்டு: முன்கட்டு ஹாலின் மூலையில், டிவிக்குப் பின்னால், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ். அதன் முதுகில் ஆளுயரக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் பின்பூச்சு அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும். முன்னால் டிவியின் தகரம். இடப் பக்கம் பித்தளைக் குத்துவிளக்கு. வலப் பக்கம் மூன்றடி நீளத்துக்கு மீன் தொட்டி. தண்ணீர் அலையைத் திருப்பிக்கூட அனுப்பாது, அப்படியே குடித்துவிடும். நகையை பீரோவில் வைப்பதுபோல இப்படி நாலு பக்கமும் காவல் போட்டு வைத்தேன். எங்கள் மீன்களுக்குக் கிடைத்த சிக்னல் கம்பம் பள்ளத்தாக்கில் எந்த மீனுக்கும் கிடைத்திராது. வீட்டில் திறந்த வெளியில், ஆள் உயரத்தில், நடுவாக வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் எல்லா அறையிலும் நெட் எடுக்கிறது. ஆனால் வருகிறவர்கள் கண்ணில் டப்பா படுகிறதே!

வைஃபையிலும் இரண்டு ஜாதகம் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் என்பது தலைதீபாவளிக்கு வந்த மருமகன் மாதிரி. வருகிற வேகம் என்ன, கொண்டுவருகிற சரக்கு என்ன! ஆனால் ஹாலோடு சரி. சுவரைத் தாண்டி அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். 2.4 கிகாஹெர்ட்ஸ் வீட்டோடு இருக்கிற தாய்மாமன். நடை மெதுவு, ஆனால் கொல்லைவரை போய்வருவார். அவருக்கும் ஒரு பலவீனம் உண்டு. அடுக்களையில் மைக்ரோவேவ் ஓடினால் அது எழுப்புகிற அலையும் ஏறக்குறைய அதே 2.4தான் என்பதால், மாமாவுக்குப் பேச்சு எழாது. என் மனைவி பாலைச் சூடு பண்ணும்போதெல்லாம் மகனின் மீட்டிங்கில் முகம் உறைந்து நின்றது. சென்னைக் கம்பெனிக்காரர்கள் அவனை ஆழ்ந்து யோசிக்கிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மகன் கொரோனாவில் ஊருக்கு வந்தவன், வேலை இங்கிருந்தேதான். அவன் உட்காருவது பின்கட்டில், அடுக்களையை ஒட்டிய அறை. சத்தமில்லாத, குளிர்ச்சியான அறை. நெட்டும் அதே அளவுக்குக் குளிர்ந்துதான் கிடந்தது. முன்கட்டு டப்பாவுக்கும் அவன் மேஜைக்கும் இடையே 18 மீட்டர். நான் காலால் அளந்து, பிறகு டேப்பாலும் அளந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் அப்பா ஒரு பேச்சைப் போட்டார். திண்ணையில் உட்கார்ந்து பேப்பரை மடக்கியபடி, “பந்தல்ல ஏக்கருக்கு எம்புட்டுக் கம்பி இழுக்கிறோம். வீட்டுக்குள்ள ஒரு கம்பி இழுக்க ஆகாதா?” என்றார். நாற்பது வருஷம் பன்னீர் திராட்சை போட்டவர். கல்தூண் நட்டு, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுத்து முறுக்கி, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி வலை பின்னி, அதன் மேல் கொடியை ஏற்றிவிடுகிற மனிதர். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தத் திராட்சை தொங்குவது இந்த மாதிரிக் கைகள் இழுத்த கம்பியில்தான். அப்பேர்ப்பட்டவரின் பேச்சு என்பதாலேயே, விவசாயிக்கு டெக்னாலஜி தெரியாது என்று நான் அதைப் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டேன்.

முதலில் வாங்கியது ரிப்பீட்டர். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். பிளக்கில் குத்திவிட்டால் போதும். அதைப் போல நாணயமான ஒரு வேலைக்காரனை நான் பார்த்ததில்லை. தான் கேட்டதைத்தான் சொல்லும், கூடவும் குறையவும் சொல்லாது. நான் அதை மகனின் அறையிலேயே குத்தினேன். அங்கே அதற்குக் காதில் ஒன்றும் விழவில்லை. விழாததை அது முழு பலத்தோடு திருப்பிச் சொன்னது. கைபேசியில் டவர் முழுசாக நின்றது. மேலே வரை வெள்ளைக் கோடுகள், கோபுரம் மாதிரி. கோபுர தரிசனம் கோடிப் புண்ணியம் என்று இருந்துவிடலாம். மகன்தான் மூலஸ்தானத்தில் சாமி இல்லை என்று குறைப்பட்டான்.

பிறகு தேனிக்குப் போனோம். கடைக்காரர் பழுத்த மனிதர். நான் வாயைத் திறப்பதற்குள்ளேயே, “வீடு எத்தனை சதுரடி சார்?” என்றார். சுவர் எப்படி, டப்பா எங்கே, வயர் இழுக்க வழி உண்டா என்றெல்லாம் அநாவசியமாகக் கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. சதுரடியைச் சொன்னேன். மூன்று டப்பாவை எடுத்து வைத்தார். இரண்டு போதாதா என்றேன். “மூணாத்தான் சார் வருது” என்றார். அதற்கு மேல் ஒரு விளக்கம் உண்டா? சிவன், விஷ்ணு, பிரம்மாவிடம் போய் இரண்டு பேர் போதாதா என்று யாராவது கேட்பார்களா?

வெள்ளை வெளேரென்று, கவிழ்த்துவைத்த இட்லி மாதிரி மூன்று டப்பாக்கள். வயர் தெரியாது, ஆன்டெனா தெரியாது. மேலே ஒரு நீல விளக்கு மட்டும், பிரம்ம முகூர்த்தத்தில் தெரிகிற வெள்ளி மாதிரி. இந்தச் சரக்கு வீடுகளுக்கென்று பரவலாகக் கடைக்கு வந்தது 2016 வாக்கில்தான். அமெரிக்காவில் முதலில் இறங்கிய கம்பெனிகளில் ஒன்றுக்கு ஈரோ என்று பெயர். எங்கள் ஊர் உச்சரிப்பில் கதாநாயகன். 2019இல் அமேசான் அதை வாங்கிக்கொண்டது. நான் வாங்கியது வேறு. பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். ரிப்பீட்டருக்கு வீட்டில் இரண்டாவது ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. இதற்கு மூன்று டப்பாவுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. டப்பாக்கள் தங்களுக்குள் பேசி, யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்று ஒரு குடும்பமாக முடிவு செய்துகொள்ளும். அதுதான் மெஷ். வலை. பந்தல் என்றும் சொல்லலாம், கம்பிதான் கிடையாது.

கம்பி இல்லாத பந்தலில் கொடி எப்படி ஏறும் என்று அப்பா கேட்டிருப்பார். நல்லவேளை, அவர் தோட்டத்துக்குப் போயிருந்தார்.

டப்பாவை இயக்குவதற்கு முன்னால் அதன் ஆப்பை இறக்க வேண்டும். ஆப் என் பெயரைக் கேட்டது, மின்னஞ்சலைக் கேட்டது, கைபேசி எண்ணைக் கேட்டது, நான் இருக்கிற இடத்தைத் தெரிந்துகொள்ள அனுமதி கேட்டது. நட்சத்திரமும் கோத்திரமும் மட்டும் கேட்கவில்லை. ஒரு வீட்டுக்குள் விளக்கேற்ற வருகிறவள் இவ்வளவாவது விசாரித்துத்தானே வருவாள்.

முதல் டப்பாவை ஷோகேஸில், பழைய டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். மீன்களுக்குப் பழகிய இடம். இரண்டாவதை நடுக்கட்டில், சுவருக்கு அந்தப் பக்கம், சிக்னல் சுத்தமாக இல்லாத இடமாகப் பார்த்து வைத்தேன். எங்கே இல்லையோ அங்கேதானே தேவை? இந்தத் தர்க்கத்தின் அழகை நீங்கள் ஒரு நிமிஷம் ரசிக்க வேண்டும். தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டாரை இறக்கிவிட்டு, இனி தண்ணீர் வரும் என்று கரையில் உட்கார்ந்திருப்பது போன்ற ஒரு நம்பிக்கை அது. டப்பா தண்ணீரை உண்டாக்காது, கிடைப்பதைத்தான் இறைக்கும். பாதி வழியில், இன்னும் நல்லபடியாகக் காதில் விழுகிற இடத்தில் நின்றால்தான் மறு பாதிக்கு அதனால் கூப்பிட்டுச் சொல்ல முடியும். இதெல்லாம் பெட்டிக்குள் இருந்த தாளில் படம் போட்டே காட்டியிருந்தார்கள். அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். இன்னும் மடிப்புக் கலையவில்லை.

கடையில் சொல்லாமல் விட்ட ஒரு சங்கதியைச் சொல்ல, எங்கள் பள்ளத்தாக்கின் தண்ணீர்க் கணக்கைக் கொஞ்சம் இழுக்க வேண்டும். 1895இல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி வருகிற தண்ணீரில், லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. தலைமடைக்காரனுக்கு வாய்க்கால் நிறைய. நடுமடையில் முழங்கால். கடைமடைக்காரன் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வரப்பில் நடந்து, யார் மடையைத் திறந்துவிட்டது என்று டார்ச் அடித்துப் பார்ப்பான். இரண்டு அலைவரிசை மட்டும் உள்ள என் டப்பாவும் அந்த மாதிரிதான். ஒரே ரேடியோவால் முன் டப்பா சொல்வதைக் கேட்கவும் வேண்டும், அதையே பின்னால் இருக்கிறவனுக்குச் சொல்லவும் வேண்டும். கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. அதனால் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். முன்கட்டில் 100. நடுக்கட்டில், மோட்டாரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்த பிறகு, 45. மூன்றாவது டப்பா நின்ற பின்கட்டில் 20, மாமா மனசு வைத்தால் 22. மகன் கடைமடை விவசாயி ஆனான். டப்பாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கென்றே மூன்றாவதாக ஒரு ரேடியோவை ஒதுக்கிய உயர்ந்த ரகமும் உண்டு. விலையும் உயர்ந்த ரகம்தான். அந்த ரகத்தை எடுக்காமல் இந்த ரகத்தை எடுத்து நான் மிச்சம் பிடித்த பணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கைபேசிகளின் குணத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. நடக்க நடக்க, எந்த டப்பா அருகில் இருக்கிறதோ அதற்குக் கைபேசி தானாகத் தாவிவிடும் என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருந்தது. டப்பாக்கள் தங்களால் ஆனதைச் செய்கின்றன, 802.11ஆர் என்றும் கே என்றும் வி என்றும் மூன்று வழியில் ஜாடை காட்டுகின்றன. ஆனால் எங்கே ஒட்டுவது என்று முடிவு செய்வது கைபேசிதான். என் மனைவியின் கைபேசி கற்பில், கூடலூருக்கு மேலே மலையுச்சியில் இருக்கிற கண்ணகிக்கு அடுத்தபடி. காலையில் ஹாலில் யாரோடு ஒட்டியதோ அவனேதான். அடுக்களைக்குப் போனாலும், தலைக்கு மேலே மூன்றாவது டப்பா நீல விளக்கை எரியவிட்டு வா வா என்றாலும், திரும்பிப் பார்க்காது. குரல் தேய்ந்து, சீரியலில் மாமியார் வாயைத் திறந்தபடி நிற்பாள். மலையில் அம்மனுக்காவது சித்ரா பௌர்ணமிக்கு ஒரு நாள் கூட்டம் வரும். எங்கள் வீட்டு மூன்றாவது டப்பாவுக்கு அதுவும் இல்லை. மனைவி கைபேசியில் வைஃபையை அணைத்து மறுபடி போட்டால்தான் அது புது இடத்துக்கு வரும். தினம் இதைச் செய்து செய்து அவளுக்குக் கட்டைவிரலுக்கு நல்ல பயிற்சி.

இதற்கிடையில் பழைய டப்பாவை அணைக்கவில்லை. எப்படி அணைப்பது? முதலில் வந்தவன். அதன் வைஃபையும் கத்திக்கொண்டிருந்தது, அதை ஒட்டியே வைத்திருந்த புதியதும் கத்திக்கொண்டிருந்தது. 2.4இல் ஒன்றையொன்று இடிக்காத தடங்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. எங்கள் தெருவிலோ வீட்டுக்கு ஒரு டப்பா. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். சந்தையில் எல்லோரும் ஒரே விலையைக் கூவுவதுபோல எல்லா டப்பாவும் அந்த மூன்று தடத்தில் கூவிக்கொண்டிருக்க, நாங்கள் எங்கள் பங்குக்கு நான்கு குரலைச் சேர்த்தோம். தெருவோடு ஒத்து வாழ்வது என்பது இதுதான். அது தவிர இணைப்புகளுக்கு முகவரி போட்டுக்கொடுக்கிற வேலையைப் பழைய டப்பாவும் செய்தது, புதியதும் செய்தது. ஒரே அடுக்களையில் இரண்டு மாமியார். மகனின் கம்பெனி விபிஎன் எந்த மாமியாரிடம் உத்தரவு கேட்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்று திரும்பிப் போனது. பிறகு அவனே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழையதை பிரிட்ஜ் மோடில் போட்டு, அதன் வைஃபையை நிறுத்தினான். பெரியவர்கள் செய்ததைச் சின்னவர்கள் மாற்றுவது எனக்குப் பிடிக்காதுதான், இருந்தாலும் விட்டுக்கொடுத்தேன்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். மூன்று டப்பாவில் இரண்டு அணையும். இன்வெர்ட்டர் லைன் முன்கட்டுக்கு மட்டும்தான் என்பதால் தலைமடையில் மட்டும் விளக்கு எரியும். இருட்டில் நீலமாக எரிகிற அந்த ஒற்றை டப்பா தரும் மன அமைதியை வார்த்தையில் சொல்ல முடியாது. பின்கட்டுக்கு நெட் வராவிட்டால் என்ன?

இப்படி மூன்று டப்பாவுக்கும் பூப்போடாத குறையாக நான் வாழ்ந்துவந்த நாட்களில், அப்பாவின் கண் புரையைக் காட்ட தேனி அரவிந்துக்குப் போயிருந்தோம். 1985இலிருந்து அங்கே இருக்கிற மருத்துவமனை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது மகன்தான் கைபேசியில் தேடி எடுத்து அந்த ஆஸ்பத்திரியைப் பற்றிய ஒரு பழைய கதையைப் படித்துக் காட்டினான். கேட்டதும் எனக்கு அந்த ஆட்கள் மேல் ஒரே எரிச்சல்.

அவர்களுக்குச் சாமர்த்தியமே போதாது. இருபது வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் என்கிற பேராசிரியரின் குழுவும் இன்டெல் கம்பெனியும் அரவிந்தும் சேர்ந்து, போடி, சின்னமனூர் மாதிரி ஊர்களில் இருக்கிற சின்னக் கண் மையங்களைத் தேனி ஆஸ்பத்திரியோடு இணைக்க முடிவு செய்தார்கள். மலைக்காட்டு ஏலக்காய்த் தொழிலாளியோ வயற்காட்டுக் கிழவியோ கண்ணைக் காட்ட தேனிக்கு பஸ் ஏற வேண்டாம். உள்ளூர் மையத்தில் உட்கார்ந்தால், தேனியில் இருக்கிற டாக்டர் திரையில் பார்த்துப் பேசி, ஆபரேஷன் வேண்டுமா, கண்ணாடி போதுமா என்று சொல்லிவிடுவார். 2006இல் ஐந்து மையங்கள் இப்படி ஓடின. எதை வைத்து? கேட்டால் சிரிப்பீர்கள். வைஃபையை வைத்து. என் வீட்டில் 18 மீட்டர் தாண்டாத அதே வைஃபையை வைத்து, தேனியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற போடிக்குப் படமும் குரலும் அனுப்பினார்கள். ஆப் கிடையாது. நீல விளக்கு கிடையாது. ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு, அதில் சாதாரண வைஃபை அட்டை, கோபுரக் கம்பத்தின் உச்சியில் எதிர் ஊரைப் பார்த்துத் திருப்பிய ஒரு ஆன்டெனா. நடுவில் மரமோ சுவரோ மறைக்காமல் முகத்துக்கு முகம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஷோகேஸ் கூட வைக்கத் தெரியாதவர்கள்.

அதிலும் ஒரு சிக்கல் வந்ததாம். வைஃபை என்பது அடுத்த அறைக்குப் பேசுவதற்காகப் பிறந்தது. ஒரு துண்டுச் செய்தியை அனுப்பியதும், கிடைத்தது என்ற பதிலுக்காக ஒரு கண் சிமிட்டும் நேரம்கூடக் காத்திருக்காது. தூரத்து ஊரிலிருந்து பதில் வந்து சேருவதற்குள், தொலைந்துவிட்டது போல என்று நினைத்து அதையே மறுபடி அனுப்பும்; கல்யாண வீட்டுக்குப் போன மகள் ‘போய்ச் சேர்ந்தேன்’ என்று போன் செய்வதற்குள் பத்து தடவை கூப்பிடுகிற அம்மா மாதிரி. பெர்க்லி பிள்ளைகள் அந்தப் பதற்றத்தைப் பிடுங்கிப் போட்டார்கள். நீ இவ்வளவு நேரம் பேசு, நான் இவ்வளவு நேரம் பேசுகிறேன் என்று முறை வைத்து, பதிலை மொத்தமாகச் சொல்லிக்கொள்கிற மாதிரி மென்பொருளைத் திருத்தினார்கள். வாய்க்காலில் முறைப்பாசனம் வைப்பதுபோல. அதே வேலைப்பாட்டை வைத்து 2007இல் வெனிசுவேலாவில் மலைக்கு மலை 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபையை இழுத்துக் காட்டினார்கள். அங்கேயும் நடுவில் ஒரே ஒரு டப்பாகூட வைக்கவில்லை. எவ்வளவு வியாபாரம் போச்சு!

அவர்களுக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கரண்டைப் பற்றி அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? திடீரென்று ஏறும், திடீரென்று விழும். போர்டு கருகியது, அடாப்டர் போனது, மெமரி கார்டு கெட்டது. அலையைவிட மின்சாரம்தான் பெரிய எதிரி என்று அவர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். உள்ளூர் ஆட்களே கழற்றி மாட்டிப் பழகிக்கொண்டுதான் அது ஓடியது. கேட்டபோது எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த தொண்டைமானின் ஆயுதக் கொட்டில் ஞாபகம் வந்தது. அதியமானின் வேல்கள் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன என்று ஔவைக் கிழவி யார் எதிரில் சொல்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் சொன்னாளே. என் டப்பாக்களைப் பார்த்திருந்தால் அவள் வாயடைத்துப் போயிருப்பாள். மூன்றும் வாங்கின மேனிக்கு ஒரு கீறல் இல்லாமல், மயிலிறகும் மாலையும் சாத்தலாம் போல இருக்கின்றன.

அப்பா மட்டும் வராந்தாவில் கண்ணுக்கு விட்ட மருந்து கன்னத்தில் வழிய, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவங்க நேரா பாத்து வச்சாங்க. நீ பீரோவுக்குள்ள வச்ச” என்றார். படிக்காதவர். அவர் பேச்சில் எப்போதும் ஒரு சுருக்கம் இருக்கும்.

அடுத்த வாரம், நான் மதுரைக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, அப்பாவும் பேரனும் சேர்ந்து அந்தக் காரியத்தைச் செய்துவிட்டார்கள். எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவன் வந்து முன்கட்டு மாடிப்படிக்கு மேலே ஒரு ஓட்டை, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வெள்ளை பிவிசி பைப், பின்கட்டு ஜன்னலுக்கு மேலே இன்னொரு ஓட்டை. உள்ளே கேட்-6 வயர், வளைவு நெளிவெல்லாம் சேர்த்து முப்பது மீட்டருக்குள். நூறு மீட்டர் வரை அந்த வயர் சொட்டுத் தண்ணீர் கசியாமல் கொண்டுபோகுமாம். நடுச்சுவரை யாரும் தொடவில்லை. தாத்தாவின் மானத்துக்கு ஒரு குறைவும் இல்லை. முதல் டப்பாவை ஷோகேஸிலிருந்து எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்தார்கள். வயரின் மறு முனையை மகன் அறை டப்பாவில் குத்தினார்கள். வயரும் கூலியுமாக, மூன்று டப்பாவுக்குக் கொடுத்ததில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பின்கட்டில் 94 காட்டியது. டப்பாக்கள் வயரில் பேசிக்கொள்வதால் அலையெல்லாம் கைபேசிகளுக்கே மிச்சம். மைக்ரோவேவ் ஓடும்போதும் மகன் முகம் அசைந்தது. கம்பெனியில் அவனுக்கு இருந்த சிந்தனையாளன் என்ற பெயர் போயிற்று.

நான் ஊரிலிருந்து திரும்பிவந்தபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்து பிளையரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பைப் கொஞ்சம் கோணலாக ஓடுகிறது என்று மட்டும் சொன்னேன்.

நடுக்கட்டில் இருந்த இரண்டாவது டப்பாவுக்கு வேலை போனது. ஆனாலும் அதை மூலையில் போட மனசு வரவில்லை. முதல் டப்பா காலி செய்த ஷோகேஸில், குத்துவிளக்குக்கும் மீன் தொட்டிக்கும் நடுவில் அதை வைத்து பிளக்கில் போட்டுவிட்டேன். யாருக்கும் எதையும் அனுப்பாமல், நீல விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது. மீன்களுக்குப் பழைய உறவு விட்டுப்போகக் கூடாது அல்லவா.

போன மாதம் போடியிலிருந்து மச்சான் வந்திருந்தார். ஏலக்காய் வியாபாரம், புதிதாக வாங்கிய பங்களா மலையடிவாரத்தில், பழைய எஸ்டேட் காலத்துக் கட்டடம். ஷோகேஸில் நீலமாக எரிவதைப் பார்த்துவிட்டு, “என்ன மாப்ள இது, புதுசா?” என்றார்.

“மெஷ்ஷு மச்சான்.”

“நல்லா எடுக்குதா?”

“அடுக்களை வரைக்கும் பறக்குது.”

உண்மையைத்தான் சொன்னேன். அவர் ஹாலில் நின்றபடியே ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்தார், பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தார், தலையை ஆட்டினார். தன் பங்களாச் சுவர் இரண்டடி கருங்கல் என்றும், மேலே கீழே எட்டு அறை என்றும், அப்படியென்றால் ஆறாவது வேண்டியிருக்கும் என்றும் தானே கணக்குப் போட்டார். எங்கள் சுவரைவிட மானமுள்ள சுவர், பெருமையாக இருந்தது. தேனிக் கடையின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்பா திண்ணையிலிருந்து எலக்ட்ரீஷியன் தம்பியின் நம்பரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். மச்சான் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.